பட்டை அசையவில்லை!

சொந்தமாக ட்ரோன் கட்டும் வாசகர்கள் அனுப்பும் கேள்விகளில் பெரும்பகுதி ஒரே இடத்தில் வந்து நிற்கிறது: டிரான்ஸ்மிட்டரில் குச்சியை அசைத்தால் ஃப்ளைட் கண்ட்ரோலர் போர்டுக்குத் தெரியவில்லை. அதனால் இந்த முறை முழுப் பக்கமும் ரிசீவருக்கே. ஒரே ஒரு நிபந்தனை உண்டு. கீழே சொல்லும் எதைச் செய்வதற்கு முன்பும் நான்கு ப்ரொப்பல்லர்களையும் கழற்றி வைத்துவிடுங்கள்.

கேள்வி (கோவை, கல்லூரி மாணவர்): பீட்டாஃப்ளைட்டில் ரிசீவர் பக்கத்தைத் திறந்தால் ஒரு பட்டையும் அசையவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: ரிசீவரில் இருக்கும் சின்ன விளக்கிலிருந்து. கணினியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் விரலின் அசைவு டிரான்ஸ்மிட்டரிலிருந்து கிளம்பி, காற்றில் போய், ரிசீவரில் இறங்கி, வயர் வழியாக ஓடி, கடைசியில் போர்டின் அமைப்புகளுக்கு வருகிறது. அந்த விளக்கு இந்தப் பாதையின் நடுவில் இருக்கிறது. டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்ததும் விளக்கு சிமிட்டாமல் எரிந்தால் காற்றுவழித் தொடர்பு சரி, கோளாறு வயரிலோ அமைப்பிலோ இருக்கிறது. சிமிட்டிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் பைண்ட் ஆகவில்லை, அதாவது டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளவில்லை. அந்த நிலையில் போர்டின் மென்பொருளான பீட்டாஃப்ளைட்டில் எதை மாற்றினாலும் பயன் கிடையாது. விளக்கே எரியவில்லை என்றால் மின்சாரம் போகவில்லை. சில தயாரிப்புகளில் பச்சை என்றால் தொடர்பு உண்டு, சிவப்பு என்றால் இல்லை. உங்கள் ரிசீவரின் விளக்குக்கு என்ன அர்த்தம் என்று கையேட்டில் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இது தெரியாமல் அமைப்புகளில் கை வைப்பவர்கள் பழைய கோளாறின் மேல் புதுக் கோளாறுகளை அடுக்கிக்கொண்டே போகிறார்கள். கடைசியில் சரியான வயரைச் சரியான இடத்தில் பற்றவைத்த பிறகும் பட்டை அசையாது, ஏனென்றால் நடுவில் மாற்றிய ஏதோ ஒன்று மாறியபடியே கிடக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பலன் இல்லையா, அதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

கேள்வி (மதுரை): யுஎஸ்பி வயரை மட்டும் செருகினால் ரிசீவர் விளக்கு எரிவதில்லை. பேட்டரி போட்டால் எரிகிறது. போர்டு பழுதா?

பதில்: பழுதில்லை. பல போர்டுகளில் 5 வோல்ட் பேட் (வயரைப் பற்றவைக்கும் உலோகப் புள்ளி), பேட்டரி இருந்தால்தான் உயிர் பெறும். யுஎஸ்பி-யிலும் மின்சாரம் வரும் பேட் தனியாக இருக்கும். சில போர்டுகளில் அதன் பக்கத்தில் 4வி5 என்று அச்சிட்டிருப்பார்கள். ரிசீவரை அங்கே மாற்றிப் பற்றவைத்தால் மேசையில் பேட்டரி இல்லாமலே சோதிக்கலாம். கேமராவையும் வீடியோ டிரான்ஸ்மிட்டரையும் அதே பேட்டில் சேர்க்காதீர்கள், யுஎஸ்பி அவ்வளவு சுமையைத் தாங்காது.

இன்னொரு எச்சரிக்கை. ஸ்பெக்ட்ரம் நிறுவனத்தின் பழைய சாட்டிலைட் வகைக் குட்டி ரிசீவர்கள் 3.3 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. அவற்றுக்கு 5 வோல்ட் கொடுத்தால் அதோடு முடிந்தது. பற்றவைப்பதற்கு முன் மல்டிமீட்டரை வைத்து பேட்டின் மின்னழுத்தத்தைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி): டிஎக்ஸ்-க்கு டிஎக்ஸ், ஆர்எக்ஸ்-க்கு ஆர்எக்ஸ் என்று ஒழுங்காகத்தானே கொடுத்தேன்?

பதில்: அதுதான் கோளாறு. டிஎக்ஸ் வாய், ஆர்எக்ஸ் காது. ரிசீவரின் வாய் போர்டின் காதுக்குப் போக வேண்டும், போர்டின் வாய் ரிசீவரின் காதுக்கு. இரண்டு வயரையும் மாற்றிப் பற்றவையுங்கள். இந்தத் தவறால் எதுவும் எரிந்துபோவதில்லை, பயப்பட வேண்டாம்.

கேள்வி (சேலம், எலக்ட்ரானிக்ஸ் கடையில் வேலை): எஸ்பஸ் சிக்னல் தலைகீழானது என்று எல்லாரும் சொல்கிறார்கள். எதிலிருந்து தலைகீழ்? என் எஃப்4 போர்டில் எஸ்பஸ் ரிசீவர் வேலை செய்யவே இல்லை. நண்பரின் எஃப்7 போர்டில் அதே ரிசீவர் ஓடுகிறது.

பதில்: அருமையான கேள்வி. இதற்கு நிதானமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் ரிசீவர் சிக்கல்களில் அதிகம் பேரைத் தடுக்கி விழவைப்பது இதுதான்.

சாதாரண சீரியல் இணைப்பில் பேச்சு நடக்காத நேரத்தில் வயரின் மின்னழுத்தம் மேலே, 3.3 வோல்ட்டில் நிற்கும். ஃபுடாபா நிறுவனம் வடிவமைத்த எஸ்பஸ்-ஸில் சும்மா இருக்கும் நேரத்தில் வயர் சுழியில் கிடக்கும். மற்றபடி அதுவும் ஒரு சீரியல் இணைப்புதான்: நொடிக்கு 1,00,000 பிட் வேகம், ஒரு தொகுப்புக்கு 25 பைட், அதற்குள் 11 பிட் அளவில் 16 சானல்கள். ஒவ்வொரு பைட்டும் 12 பிட்டாகப் போவதால் ஒரு தொகுப்பு போய்ச்சேர 3 மில்லிநொடி ஆகிறது.

எஃப்3, எஃப்7, எச்7 வகைச் சிப்புகள் யுஆர்ட் என்ற தங்கள் சீரியல் பகுதிக்குள்ளேயே இந்தத் தலைகீழை நிமிர்த்திக்கொள்ளும். எஃப்4 சிப்புக்கு அந்தத் திறன் கிடையாது. அதனால் எஃப்4 போர்டு செய்பவர்கள் ஒரு யுஆர்ட்டின் வாசலில் மட்டும் சிக்னலைத் திருப்பும் சின்னச் சுற்று ஒன்றை வைத்து, அந்த பேட்டுக்கு எஸ்பஸ் என்று பெயர் போட்டுவிடுகிறார்கள். உங்கள் ரிசீவரின் வயரை அந்த பேட்டுக்கு மாற்றுங்கள். வேறெங்கும் அது பேசாது. நண்பரின் எஃப்7 போர்டில் எந்த ஆர்எக்ஸ் பேட்டில் பற்றவைத்தாலும் ஓடும்.

இதே விஷயம் எதிர்த்திசையிலும் கடிக்கும். எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் அல்லது ஃப்ளைஸ்கை ஐபஸ் ரிசீவரை, ரிசீவருக்கான பேட் என்று நினைத்து எஃப்4 போர்டின் எஸ்பஸ் பேட்டில் வைப்பவர்கள் ஏராளம். அவை நேரான சிக்னல் அனுப்புபவை. அந்தச் சுற்று அதைத் தலைகீழாக்கிவிடும், பட்டை அசையாது. அவற்றுக்கு வெறும் ஆர்எக்ஸ் பேட்தான் சரி.

இப்போது அமைப்பு. கட்டளை வரியில் சீரியல்ஆர்எக்ஸ் இன்வெர்ட்டட் என்று ஒன்று உண்டு. எஸ்பஸ் தலைகீழானது என்று கேள்விப்பட்டவுடன் அதை ஆன் செய்துவிடுகிறார்கள். செய்யாதீர்கள். எஸ்பஸ் தலைகீழானது என்பது பீட்டாஃப்ளைட்டுக்கு ஏற்கெனவே தெரியும். ஆன் என்பதற்கு, வழக்கமாக வருவதற்கு மாறாக வருகிறது என்று பொருள். ரிசீவரின் உள்ளேயே தலைகீழாக்கும் சுற்றைத் தாண்டி நேரான சிக்னலை வெளியே எடுத்திருந்தால் மட்டும் அது தேவைப்படும். மற்ற எல்லாருக்கும் ஆஃப்.

மல்டிமீட்டர் இருந்தால் எளிய சோதனை ஒன்று செய்யலாம். ரிசீவர் ஓடும்போது அதன் சிக்னல் வயருக்கும் கிரவுண்டுக்கும் நடுவே அளந்து பாருங்கள். 3 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் நேரான சிக்னல். சுழிப் பக்கம் சாய்ந்து காட்டினால் தலைகீழ்.

கேள்வி (ஈரோடு): போர்ட்ஸ் பக்கத்தில் சீரியல் ஆர்எக்ஸ்-ஐ ஆன் செய்து சேமித்தால் அது தானே ஆஃப் ஆகிவிடுகிறது.

பதில்: அதே யுஆர்ட்டில் ஜிபிஎஸ், எம்எஸ்பி, டெலிமெட்ரி என்று வேறொரு வேலையும் ஆனாக இருக்கும். ஒன்றோடொன்று ஒத்துப்போகாத வேலைகளை ஒரே யுஆர்ட்டில் வைத்தால் போர்டு அந்த அமைப்பை ஏற்காது. அந்த வரிசையில் சீரியல் ஆர்எக்ஸ் மட்டும் ஆனாக இருக்கட்டும். முதல் வரிசையில் யுஎஸ்பி விசிபி என்று இருப்பதைத் தொடவே வேண்டாம், போர்டும் கணினியும் பேசிக்கொள்வது அதன் வழியாகத்தான். பற்றவைத்த பேட்டின் எண்ணும் ஆன் செய்த யுஆர்ட்டின் எண்ணும் ஒன்றுதானா என்று ஒருமுறை விரல் வைத்துப் பாருங்கள். ஆர்2 பேட் என்றால் யுஆர்ட் 2.

கேள்வி (சென்னை, மென்பொருள் ஊழியர்): நன்றாகப் பறந்துகொண்டிருந்த ட்ரோன். பீட்டாஃப்ளைட்டைப் புதுப்பித்தேன், ரிசீவர் போய்விட்டது. வயரைத் தொடவே இல்லை.

பதில்: 4.4 பதிப்பிலிருந்து ஃபர்ம்வேர் உங்கள் தேர்வுக்கு ஏற்ப இணையத்தில் கட்டப்பட்டு வருகிறது. ஃபிளாஷ் செய்யும் பக்கத்தில் ரேடியோ புரோட்டோகால் எது என்று கேட்கும். அங்கே எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் ரிசீவர்கள் பேசும் சிஆர்எஸ்எஃப்-ஐ வைத்துக் கட்டிவிட்டு ஐபஸ் ரிசீவரை மாட்டினால், ஐபஸ்-ஸைப் படிக்கும் நிரலே போர்டுக்குள் இருக்காது. ரிசீவர் பக்கத்தில் எத்தனை முறை தேர்ந்தெடுத்தாலும் பலிக்காது. சரியான புரோட்டோகாலைத் தேர்ந்தெடுத்து மறுபடி ஃபிளாஷ் செய்யுங்கள். அடுத்த முறை புதுப்பிப்பதற்கு முன் கட்டளை வரியில் டிஃப் ஆல் என்று கொடுத்து, வருவதை ஒரு கோப்பில் சேமித்துவிடுங்கள். பழைய அமைப்பு என்ன என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

கேள்வி (தஞ்சாவூர், பள்ளி ஆசிரியர்): மாணவர்களோடு சேர்ந்து கட்டுகிறோம். ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 டிரான்ஸ்மிட்டர், ஐஏ6பி ரிசீவர். விளக்கு நின்று எரிகிறது. ஐபஸ் வயரும் செருகியாயிற்று. ஆனால் பட்டை அசையவில்லை.

பதில்: அந்த ரிசீவரில் ஐபஸ் என்று இரண்டு துளை வரிசைகள் உண்டு. ஒன்று சர்வோ, இன்னொன்று சென்ஸ். சென்ஸ் என்பது பேட்டரி அளவு போன்ற தகவல்களை ரிசீவர் வாங்கிக்கொள்ளும் வழி. நீங்கள் செருக வேண்டியது சர்வோ வரிசையில். பெரும்பாலும் இதை மாற்றினாலே பட்டை துள்ளும்.

மாணவர்கள் அடுத்துக் கேட்கப்போவதையும் சொல்லிவிடுகிறேன். எஃப்எஸ்-ஐ6 பெட்டியிலிருந்து வரும்போது ஆறு சானல் டிரான்ஸ்மிட்டர். நான்கு குச்சிகளுக்குப் போனால் சுவிட்சுகளுக்கு மிச்சம் இரண்டுதான். ஒன்றை ஆர்ம் செய்யவும் (மோட்டார்களைச் சுற்றத் தயாராக்கவும்) மற்றொன்றைப் பறக்கும் முறையை மாற்றவும் வைத்துக்கொள்ளுங்கள். கற்றுக்கொள்வதற்கு அது தாராளம். பள்ளியில் இப்படி ஒரு வேலையைக் கையில் எடுத்ததற்கு உங்களுக்கு என் வணக்கம்.

கேள்வி (புதுச்சேரி): 1000, 1500, 2000 என்ற இந்த எண்கள் எங்கிருந்து வந்தன?

பதில்: சர்வோ மோட்டாரிலிருந்து. பழைய ரிசீவர்கள் ஒவ்வொரு சானலுக்கும் தனி வயரில் நொடிக்கு ஏறக்குறைய 50 துடிப்புகள் அனுப்பின. ஒரு துடிப்பு 1000 மைக்ரோநொடி நீண்டால் ஒரு கோடி, 2000 நீண்டால் மறு கோடி, 1500 நடு. இன்றைய எஸ்பஸ்-ஸிலும் சிஆர்எஸ்எஃப்-இலும் துடிப்பும் இல்லை, மைக்ரோநொடியும் இல்லை. வயரில் ஓடுவது வெறும் எண். சிஆர்எஸ்எஃப் அனுப்பும் 172-ஐ போர்டு 988 என்று காட்டுகிறது, 992-ஐ 1500 என்றும், 1811-ஐ 2012 என்றும். உங்கள் டிரான்ஸ்மிட்டரின் கோடிகள் 988, 2012 என்று தெரிந்தால் பதற வேண்டாம், அது இயல்பு.

கேள்வி (திருப்பூர்): பட்டைகள் அசைகின்றன. ஆனால் த்ராட்டிலை ஏற்றினால் ரோல் பட்டை ஏறுகிறது.

பதில்: சானல் வரிசை மாறியிருக்கிறது. ரிசீவர் பக்கத்தில் சானல் மேப் என்பதை ஏஇடிஆர் என்பதிலிருந்து டிஏஇஆர் என்பதற்கோ மறுபடி பழையதற்கோ மாற்றுங்கள். ஸ்பெக்ட்ரம் வகை டிரான்ஸ்மிட்டர்கள் த்ராட்டிலை முதலில் அனுப்பும், வேறு பல தயாரிப்புகள் மூன்றாவதாக.

திசையையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பீட்டாஃப்ளைட்டில் த்ராட்டில் மேலே, யா வலப்பக்கம், பிட்ச் முன்னால், ரோல் வலப்பக்கம் என்று தள்ளும்போது நான்கு எண்களும் ஏற வேண்டும். ஏதாவது இறங்கினால் டிரான்ஸ்மிட்டரில் அந்தச் சானலைத் திருப்புங்கள். ஆர்டுபைலட் என்ற வேறொரு ஃபர்ம்வேரில் ஒரு வித்தியாசம்: அங்கே பிட்ச் குச்சியை முன்னால் தள்ளினால் எண் குறைய வேண்டும். பீட்டாஃப்ளைட்டில் பழகிவிட்டு அங்கே போகிறவர்கள் சரியாக இருப்பதைக் கெடுத்துவிட்டு முதல் பறப்பிலேயே மூக்குக் குத்திக்கொள்வது இதனால்தான்.

கேள்வி (கரூர்): எல்லாம் அசைகிறது, திசையும் சரி. ஆர்ம் சுவிட்சைப் போட்டால் மோட்டார் சுற்றவில்லை!

பதில்: போர்டு மறுக்கிறது என்றால் காரணத்தையும் சொல்லும், கேட்கத்தான் வேண்டும். கட்டளை வரியில் ஸ்டேட்டஸ் என்று அடியுங்கள். ஆர்மிங் டிஸேபிள் ஃபிளாக்ஸ் என்று ஒரு வரி வரும். அதில் சிஎல்ஐ, எம்எஸ்பி என்று இருந்தால் நீங்கள் கணினியோடு இணைந்திருக்கிறீர்கள் என்று மட்டும் பொருள், விட்டுவிடுங்கள். ஆர்எக்ஸ்லாஸ் என்றால் ரிசீவரிலிருந்து செல்லத்தக்க சிக்னல் வரவில்லை. ஆர்ம்ஸ்விட்ச் என்றால் வேறு தடைகள் இருக்கும்போதே சுவிட்ச் ஆனில் இருந்திருக்கிறது. ஆஃப் செய்து மறுபடி போடுங்கள்.

த்ராட்டில் என்று இருந்தால் ரிசீவர் பக்கத்துக்குத் திரும்புங்கள். குச்சியை முழுக்க இறக்கியும் த்ராட்டில் எண் 1050-க்குக் கீழே போகவில்லை என்றால் போர்டு அதை இறங்கியதாகவே கருதாது. 1090-இல் நின்றால், டிரான்ஸ்மிட்டரில் எண்ட் பாயிண்ட் என்ற இடத்தில் அந்தக் கோடியை நீட்டி 1000 பக்கம் கொண்டுவாருங்கள். ட்ரிம் பொத்தானால் இதைச் சரிசெய்யாதீர்கள். ட்ரிம் பறக்கும்போது கை பட்டாலே மாறிவிடும். போர்டில் 1050 என்ற எல்லையை உயர்த்துவதும் வழிதான், ஆனால் அது அடுத்த ட்ரோனுக்கு உதவாது.

கேள்வி (நாகர்கோவில்): குச்சியைத் தொடாமலே எண் 1498, 1501 என்று நடுங்குகிறது.

பதில்: நடுங்கட்டும். ஆர்சி டெட்பேண்ட் என்பதில் 3 முதல் 5 வரை ஓர் எண் கொடுத்துவிட்டுப் பறக்கப் போங்கள். 20, 30 என்று தாவினால் மட்டும் கவலைப்படுங்கள். அது டிரான்ஸ்மிட்டரின் குச்சி தேய்ந்துவிட்டதைக் காட்டும்.

கேள்வி (விழுப்புரம்): எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் ரிசீவர். இரண்டு நாள் முன்பு பைண்ட் ஆனது, இப்போது விளக்கு மூன்று முறை சிமிட்டி நிற்கிறது, மறுபடி மூன்று. பட்டை அசைவதில்லை.

பதில்: தொடர்பு இருக்கிறது, மாடல் பொருந்தவில்லை. டிரான்ஸ்மிட்டரில் வேறொரு ட்ரோனுக்கான மாடலைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். மாடல் மேட்ச் என்ற பாதுகாப்பு, தவறான மாடலோடு பறக்க விடாமல் சானல் தகவலை நிறுத்திவைக்கிறது. சரியான மாடலுக்கு மாறுங்கள், அல்லது அந்த மாடலில் இருந்தபடி எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் பட்டியலில் மாடல் மேட்ச்சை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்யுங்கள்.

இந்த வகை ரிசீவரைப் பற்றி இன்னும் சில. பைண்டிங் ஃபிரேஸ் என்ற சொற்றொடர் இரு பக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், பெரிய எழுத்து சிறிய எழுத்து உட்பட. பதிப்பின் முதல் எண்ணும் ஒத்துப்போக வேண்டும்: டிரான்ஸ்மிட்டரில் 3, ரிசீவரில் 2 என்றால் சேராது. தொடர்பு கிடைக்காமல் 60 நொடி போனால் ரிசீவர் வைஃபை நிலைக்குப் போய் வேகமாகச் சிமிட்டும். அதன் பிறகு டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்தால் கேட்காது, ரிசீவரின் மின்சாரத்தை எடுத்து மறுபடி கொடுங்கள். ஆர்ம் சுவிட்ச் கண்டிப்பாக ஆக்ஸ்1 சானலில், அதாவது ஐந்தாவது சானலில் இருக்கட்டும். அந்தச் சானலைத்தான் இந்த அமைப்பு ஆர்ம் செய்வதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது.

கையளவு ட்ரோன்களில் ரிசீவரே போர்டுக்குள் பதிந்திருக்கும். அவற்றில் எஸ்பிஐ வகையாக இருந்தால் யுஆர்ட் பேச்சே இல்லை, போர்ட்ஸ் பக்கத்தில் தேடாதீர்கள். ரிசீவரின் பதிப்பு பீட்டாஃப்ளைட் பதிப்போடு ஒட்டி வருகிறது: 4.3 என்றால் எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் 2, 4.4 முதல் 3.

கேள்வி (திருச்சி): பிக்ஸ்ஹாக் போர்டு, ஆர்டுபைலட். ஆர்சி இன் துளையில் எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் வயரைச் செருகினேன். ஒன்றும் வரவில்லை.

பதில்: அந்தத் துளை எஸ்பஸ், பிபிஎம் போன்ற ஒருவழிச் சிக்னல்களுக்கு. சிஆர்எஸ்எஃப் இருவழியாகப் பேசும், அதற்கு முழு சீரியல் துளை வேண்டும். டெலிம் துளை ஒன்றில் நான்கு வயரையும் கொடுத்து, அந்தத் துளைக்குரிய சீரியல் புரோட்டோகால் அளவுருவை 23 என்று வையுங்கள். போர்டை மறுதொடக்கம் செய்த பின் ரேடியோ கேலிப்ரேஷன் செய்துவிடுங்கள்.

கேள்வி (ஒரு தாய், வேலூர்): மகன் ராத்திரியெல்லாம் இதைப் பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். படிப்பு கெடுமோ என்று பயமாக இருக்கிறது. ஆபத்தும் உண்டா?

பதில்: அம்மா, அவன் செய்துகொண்டிருப்பதும் படிப்புதான், சீரியல் இணைப்பைக் கையால் தொட்டுக் கற்கிறான். ஆபத்து இரண்டு இடத்தில் உண்டு. வீட்டுக்குள் சோதிக்கும்போது ப்ரொப்பல்லர் மாட்டியிருக்கக் கூடாது. லித்தியம் பேட்டரியை ஆள் இல்லாமல் சார்ஜ் போடக் கூடாது, தூங்கும்போது கூடவே கூடாது. இந்த இரண்டையும் நீங்கள் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள், பற்றவைக்கும்போது எழும் புகை நல்லதல்ல.

கேள்வி (தூத்துக்குடி): மேசையில் எல்லாம் பிரமாதம். மைதானத்தில் கொஞ்ச தூரம் போனதும் சிக்னல் அறுகிறது.

பதில்: ஆன்டெனாவைப் பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர், அதில் கால்பங்கு 31 மில்லிமீட்டர். ரிசீவர் வயரின் நுனியில் உறை உரிக்கப்பட்டு வெளியே தெரியும் அந்த 31 மில்லிமீட்டர்தான் உண்மையில் காது. அது கார்பன் ஃபைபர் சட்டத்தின் மேல் ஒட்டிக் கிடந்தாலோ, பேட்டரிக்கு அடியில் மடிந்திருந்தாலோ தூரம் சுருங்கிவிடும். கார்பன் மின்சாரத்தைக் கடத்துவது, அலையை மறைக்கும். நுனியைச் சட்டத்துக்கு வெளியே நீட்டிவிடுங்கள். இரண்டு ஆன்டெனா என்றால் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில். ப்ரொப்பல்லர் நுனியை வெட்டிவிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், விழுந்து எழுந்த ட்ரோன்களில் அது அடிக்கடி நடப்பது.

எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் என்றால் திரையில் எல்க்யூ என்ற சதவீதத்தைக் கவனியுங்கள், அனுப்பியதில் எவ்வளவு வந்து சேர்கிறது என்பது அது. 2.4 கிகாஹெர்ட்ஸில் 500 ஹெர்ட்ஸ் வேகத்தில் ரிசீவர் கேட்கும் எல்லை மைனஸ் 105 டிபிஎம், 150 ஹெர்ட்ஸில் மைனஸ் 112. வேகத்தைக் குறைத்தால் தூரம் கூடும். பந்தயம் விடாதவருக்கு 150-ஏ போதும் என்பது என் கருத்து.

கேள்வி (ஓசூர்): தூரம் கூட வேண்டும் என்று 915 மெகாஹெர்ட்ஸ் மாட்யூல் வாங்கலாமா?

பதில்: இந்தியாவில் வேண்டாம். அந்தப் பட்டையின் ஒரு பகுதி இங்கே கைப்பேசிச் சேவைக்குக் கொடுக்கப்பட்டது. திறன் வரம்புக்குள் உரிமமின்றிப் பயன்படுத்தக் கிடைப்பது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை, எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ்-ஸில் அதற்கென்றே இந்தியா 866 என்று ஒரு தேர்வு உண்டு. ஆனால் கண்ணுக்கெட்டும் தூரத்தில் பறக்க 2.4 கிகாஹெர்ட்ஸே மிகுதி.

கேள்வி (திண்டுக்கல்): பட்டை அசைகிறது, ஆர்ம் ஆகிறது, பறக்கவும் செய்தேன். ரிசீவர் வேலை முடிந்ததுதானே?

பதில்: முடியவில்லை. சிக்னல் வரும்போது என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டீர்கள். வராதபோது என்ன நடக்கும் என்று பார்த்தீர்களா? அதைப் பார்க்காத ட்ரோனைத் திறந்த வெளிக்குக் கொண்டுபோகாதீர்கள். இந்தப் பக்கத்தில் நான் எழுதியவற்றுள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனை எளிது. ப்ரொப்பல்லர் இல்லை என்று உறுதி செய்யுங்கள். பேட்டரி போட்டு, ஆர்ம் செய்து, த்ராட்டிலைக் கொஞ்சம் ஏற்றுங்கள். மோட்டார் சுற்றும்போதே டிரான்ஸ்மிட்டரை ஆஃப் செய்யுங்கள். பீட்டாஃப்ளைட்டில் ஃபெயில்சேஃப், அதாவது தொடர்பு அறுந்தால் நடக்க வேண்டியது, இரண்டாம் கட்டத்தில் டிராப் என்று இருந்தால் சிறிது நேரத்தில் மோட்டார்கள் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அது ஆளை வெட்டக்கூடிய இயந்திரம். ஆட்கள் நடமாடும் தெருவின் மேல், கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டு, பேட்டரி தீரும்வரை போய்க்கொண்டிருக்கும்.

ஏன் நிற்காமல் போகிறது? சில ரிசீவர்களில் ஃபெயில்சேஃப் ஹோல்ட் என்று அமைந்திருக்கும். தொடர்பு அறுந்த பிறகும் கடைசி எண்களையே போர்டுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பும். போர்டுக்கோ எல்லாம் ஒழுங்காக வருவதுபோலத் தோன்றும். ஃப்ரஸ்கை ரிசீவர் என்றால் டிரான்ஸ்மிட்டரில் ஃபெயில்சேஃப் என்பதை நோ பல்ஸஸ் என்று வையுங்கள், தொடர்பு போனதும் ரிசீவர் பேச்சை நிறுத்திவிடும். சிஆர்எஸ்எஃப் வகை ரிசீவர்கள் இதைத் தாமாகவே செய்கின்றன.

எஸ்பஸ் தொகுப்பில் தொடர்பு அறுந்தது என்று சொல்லத் தனியாக ஒரு பிட் உண்டு. ஐபஸ்-ஸில் அப்படி இல்லை. ஆகவே ஃப்ளைஸ்கை வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். டிரான்ஸ்மிட்டரின் ஃபெயில்சேஃப் பட்டியலில் த்ராட்டில் அடியிலும், ஆர்ம் சுவிட்சின் சானல் ஆஃப் நிலையிலும் போகும்படி வையுங்கள். தஞ்சாவூர் ஆசிரியரே, இது உங்கள் மாணவர்களுக்கும் சேர்த்துத்தான். அதன் பிறகு அதே சோதனையை மறுபடி செய்து, மோட்டார் நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ப்ரொப்பல்லர் மாட்ட வேண்டும். ரிசீவர், ஃபர்ம்வேர், டிரான்ஸ்மிட்டர் மாடல் மூன்றில் எதை மாற்றினாலும் இதைத் திரும்பச் செய்யுங்கள்.

கேள்வி (காஞ்சிபுரம்): எல்லாம் செய்து பார்த்தாயிற்று. செத்தது ரிசீவரா, போர்டா?

பதில்: இன்னொரு யுஆர்ட்டுக்கு வயரை மாற்றி, அதை ஆன் செய்து பாருங்கள். அசைந்தால் பழைய யுஆர்ட் போயிருக்கிறது. போர்டைத் தூக்கிப் போடாமல் இதிலேயே ஓட்டலாம். அசையவில்லை என்றால் நண்பரிடம் ஓடுகிற ரிசீவரை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். புதிய போர்டுக்குக் காசு கொடுப்பது இந்த இரண்டுக்கும் பிறகுதான்.

கேள்வி (கும்பகோணம்): உதவி கேட்டு எழுதும்போது என்னென்ன சொல்ல வேண்டும்?

பதில்: கேட்டதற்கு நன்றி. போர்டின் பெயர், ரிசீவரின் பெயர், ஃபர்ம்வேர் பதிப்பு, ரிசீவர் விளக்கு என்ன செய்கிறது என்ற நான்கும் வேண்டும். வயர் பற்றவைத்த இடத்தை வெளிச்சத்தில் கிட்டத்தில் எடுத்த படம் ஒன்று. கட்டளை வரியில் ஸ்டேட்டஸ், டிஃப் ஆல் இரண்டும் கொடுத்து வருவதை அப்படியே எழுத்தாக அனுப்புங்கள். திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பினால் பாதி எழுத்து தெரிவதில்லை. இவையெல்லாம் முதல் கடிதத்திலேயே வந்துவிட்டால் அடுத்த இதழிலேயே பதில் சொல்லிவிடலாம்.